பரணில் கிடக்கும் கான்சன்ட்ரேட்டரை இறக்குவதற்கு முன்

2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்காக ஊரே அலைந்தது. அப்போது கடனோ உடனோ பட்டு வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்கள்) இன்று பல வீடுகளில் பரணிலும் கட்டிலடியிலும் தூசி படிந்து கிடக்கின்றன. வீட்டில் பெரியவருக்கு மூச்சிரைப்பு வந்து, ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அதை இறக்கித் துடைத்து பிளக்கில் மாட்டிவிடுகிறார்கள். மருத்துவக் கருவிகளைச் சரிபார்ப்பதே வேலையாகக் கொண்ட எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான்.

நிமிடத்துக்கு 5 லிட்டர், 10 லிட்டர் தரும் பெரிய மெஷின்களில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. தோளில் மாட்டிக்கொள்ளும் சிறிய வகையிலும், பேட்டரியுள்ள பைபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவுவது), சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது) மெஷின்களிலும்தான் கவனம் வேண்டும். புதிய கருவிகளில் இருப்பது பெரும்பாலும் நம் போனில் இருக்கும் அதே லித்தியம் அயான் வகை. ஆனால் ஒரு செல்லுக்கு (பேட்டரியின் ஒரு தனி அலகு) பதில் பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேக்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பேட்டரி அப்படியே புதிதாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் சும்மா கிடக்கும்போதும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் 2 வோல்ட்டுக்கும் கீழே போய்விடலாம். அந்த நிலையில் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. பிறகு சார்ஜ் ஏற்றும்போது, கரைந்த செம்பு வேண்டாத இடங்களில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும்.

இதற்காகத்தான் பேக்கின் உள்ளே ஒரு பாதுகாப்பு சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி இறங்கிய பேட்டரியை அது சார்ஜ் ஏற விடாது. நீங்கள் பிளக்கில் போட்டும் விளக்கு எரியவில்லை என்றால், பெரும்பாலும் அந்த சர்க்யூட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து போன் சர்வீஸ் கடைக்குப் போகாதீர்கள். வெளியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து ‘உயிர் கொடுத்து’ அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் செல்களை மட்டும் எடுத்துவிட்டு, கிடைத்த செல்லைப் போட்டு ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி மாற்றிய பேக் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பழசும் புதுசுமாக மூன்று நிறத்தில் செல்கள். வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயர் எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சூடேறினால் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. விலை அதிகம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் கம்பெனியின் புது பேட்டரியைத் தவிர வேறு எதையும் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

இதோடு ஆக்சிஜனும் சேர்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நல்ல நிலையிலுள்ள கான்சன்ட்ரேட்டர் தருவது ஏறக்குறைய 90 முதல் 96 சதவீதம். சுற்றியுள்ள காற்றில் அது 23 சதவீதத்தைத் தாண்டினாலே துணியும் முடியும் எளிதில் பற்றும், வேகமாக எரியும். போர்வை, தலையணை, மெத்தையின் இழைகளுக்கிடையே அது தங்கியும் நிற்கும்.

ஒரு வீட்டில் அம்மா சாப்பிட எழுந்திருந்தார். கழற்றி வைத்த மூக்குக் குழாய் மெத்தைமேல் கிடந்து உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி, அதே போர்வைக்கடியில் சிறிய மெஷினின் பேட்டரி சார்ஜில் இருந்தது. கை வைத்தால் நன்றாகச் சுட்டது. “கரண்ட் எப்பப் போகும்னு தெரியாது சார், கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்னுதான்” என்றார் மகள். அக்கறையில் செய்ததுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியை எடுத்துக் கூடத்தில் டைல்ஸ் தரைமேல் வைத்தோம். திரைச்சீலையோ செய்தித்தாளோ பக்கத்தில் இல்லாத இடம். சார்ஜ் போட அப்படியொரு இடம் போதும். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மெஷினை நிறுத்திவிட்டுப் போகச் சொன்னேன்.

அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை வைக்காதீர்கள். பேக் உப்பியிருந்தாலோ, இடத்தில் சரியாக உட்காராமல் இடித்தாலோ, நெயில் பாலிஷ் போல இனிப்பு கலந்த வாசனை வந்தாலோ, சார்ஜில் இல்லாதபோதே சூடாக இருந்தாலோ, அதன் கதை முடிந்தது. புகை வந்துவிட்டால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் நோயாளியை வெளியே கொண்டுபோங்கள். போகிற போக்கில் முடிந்தால் ஆக்சிஜனை நிறுத்துங்கள். 101க்குப் போன் செய்யுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும். ஏற்கெனவே நுரையீரல் கெட்டவர் அதை ஒரு மூச்சுகூட இழுக்கக் கூடாது.

பேட்டரி நன்றாக இருந்தாலும், பரணிலிருந்து இறங்கிய மெஷினை சர்வீஸ் ஆளிடம் காட்டி, வெளிவரும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஜியோலைட் (காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் துகள்கள்) ஈரத்தை இழுத்திருந்தால் மெஷின் ஓடும், ஆக்சிஜன் மட்டும் குறைவாக வரும். அன்று கோவிட்டுக்கு வைத்த அளவையே இன்று வைக்கவும் கூடாது. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து. டாக்டர் சொல்லும் அளவுதான்.

இனித் தேவைப்படாது என்று எடுத்து வைப்பவர்கள், பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுங்கள். கெட்டுப்போன பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போட்டால், குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும், அங்கே நிற்பவர் துப்புரவுப் பணியாளர். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்க மாட்டோம் என்று கவுன்டரில் சொன்னால், அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.