செருகிய பென் டிரைவ் திரையில் வராதது ஏன்?

ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினியில் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றி, வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளை ஆடும் இளைஞர்களை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இன்று காணலாம். அவற்றுட் பல உலகெங்கும் விற்பனையான தொண்ணூறுகளில், போரில் சிக்கியிருந்த வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் வரவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாக இருந்ததால், சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் பலர் வானொலி கேட்டார்கள். ஆகவே வேறிடங்களில் பழைய நினைவாக ஆடப்படும் இந்த விளையாட்டுகள் இங்கே பலருக்கு முற்றிலும் புதியவை.

விளையாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் பென் டிரைவ் வழியாகவே இந்தக் கணினிக்குள் செல்கின்றன. (இலவசமாகப் பகிர அனுமதிக்கப்பட்டவையும், சொந்தமாக வாங்கியவற்றின் பிரதிகளும் மட்டுமே செல்ல வேண்டும் என்பது வேறு விடயம்.) பென் டிரைவைச் செருகினால் கணினி தானாகவே அதைக் கண்டுகொண்டு, அதிலுள்ள கோப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. இந்த ஏற்பாடு கைகொடுக்காத வேளையில் திரையில் ஒரு பிழைச்செய்தியும் வருவதில்லை. விளையாட்டுப் பட்டியல் பழையபடியே இருக்கும். பென் டிரைவில்தான் பிழை என்று முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்குபவர்கள் பலர். அந்தச் செலவு பெரும்பாலும் வீண். ஏனெனில் ‘தானாக’ நடப்பது ஒரே செயலன்று. மின்சுற்று, கெர்னல் (லினக்ஸ் பணிசெயல் முறைமையின் மையக்கரு), உடெவ் என்ற சேவை, மவுண்ட் செய்யும் நிரல் (சேமிப்பகத்தை ஒரு கோப்புறையில் இணைத்துக் காட்டுவது), விளையாட்டு முகப்பு என ஐந்து தரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் வேலையை முடித்து அடுத்ததிடம் ஒப்படைக்கின்றன. எந்த இடத்தில் அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. உள்ளே பதிவாகும் தடயங்களோ வெவ்வேறு.

முதற்கட்டம் வெறும் மின்னியல். யூ.எஸ்.பி. சாதனம் ஒன்று தன் தரவுக் கம்பிகளுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் தடை ஒன்றின் ஊடாக மேலிழுத்துப் பிடிப்பதன் மூலமே தான் செருகப்பட்டதை அறிவிக்கிறது. கணினி அதை மீளமைத்து, 1 முதல் 127 வரையுள்ள முகவரிகளுள் ஒன்றை வழங்கி, ‘நீ யார்’ என்று கேட்கிறது. தயாரிப்பாளர் எண், பொருளெண், தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது, எவ்வளவு மின்னோட்டம் தேவை ஆகியவற்றைச் சாதனம் பதிலாகச் சொல்கிறது. சேமிப்புச் சாதனங்களின் வகுப்பு எண் 8. அந்த எண்ணைக் கண்டதும் லினக்ஸ் கெர்னல் உரிய இயக்கியை அழைக்கிறது. அது வன்வட்டுகளுக்கான ஸ்கசி என்ற கட்டளைமொழியில் பேசி, ‘எஸ்டிஏ’ என்ற வன்வட்டுப் பெயரையும், அதன் முதற் பகிர்வுக்கு (பார்ட்டிஷன்) ‘எஸ்டிஏ1’ என்ற பெயரையும் உண்டாக்குகிறது.

இவையனைத்தும் ‘டிமெசேஜ்’ (dmesg) என்ற கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் வரிவரியாக இருக்கும். ரெட்ரோபையில் விசைப்பலகை ஒன்றைச் செருகி எஃப்4 விசையை அழுத்தினால் விளையாட்டு முகப்பு மூடிக் கட்டளைத் திரை வரும். பழுது தேடும் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். ‘எஸ்டிஏ1’ என்ற பெயர் பதிவில் இருந்தால் மின்னியற் பகுதி முடிந்தது; சந்தேகத்தை மென்பொருளின் பக்கம் திருப்பலாம். மாறாக, ‘டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரீட்’ என்ற சொற்களின் பின் −71 அல்லது −110 என்ற பிழையெண் இருந்தால், சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லி முடிக்கவே இல்லை. முன்னது பேச்சு குழம்பியதையும் பின்னது பதில் வராமல் நேரம் கடந்ததையும் குறிக்கும். தளர்ந்த செருகுவாய், நீளமான நீட்சிக் கம்பி, போதாத மின்சாரம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

இம்மூன்றிலும் மின்சாரமே இங்கு அதிகம் தொல்லை தருவது. யூ.எஸ்.பி. 2.0 செருகுவாய் ஒன்று 500 மில்லியம்பியரும், 3.0 செருகுவாய் 900 மில்லியம்பியரும் வழங்க வேண்டும் என்பது விதி. ஆனால் ராஸ்பெரி பை 4 இல் நான்கு செருகுவாய்களுக்கும் சேர்த்தே 1.2 அம்பியர்தான் கிடைக்கும். சாதாரண பென் டிரைவுக்கு அது தாராளம். சுழலும் வன்வட்டோ புறப்படும் வேளையில் தனியாகவே ஏறத்தாழ ஓர் அம்பியரை இழுக்கக்கூடியது. பக்கத்தில் இரண்டு விளையாட்டுக் கட்டுப்படுத்திகளும் செருகப்பட்டிருந்தால் எல்லை தாண்டிவிடும்.

மாங்குளம் பக்கத்துச் சனசமூக நிலையமொன்றில் நான் பார்த்த கணினி கைபேசிச் சார்ஜர் ஒன்றிலும், இரண்டு மீற்றர் நீளமான மெல்லிய கம்பி ஒன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. வன்வட்டைச் செருகியதும் அதன் நீல விளக்கு எரிந்தது. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய சீழ்க்கை கேட்டது. தொலைக்காட்சியின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னற்குறி ஒன்று பளிச்சிட்டது. உடனே ‘டிக்’ என்ற ஒலியுடன் விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. “அண்ணை, ஹார்ட் டிஸ்க் பழுதாப் போட்டுது போல கிடக்கு” என்றார் பொறுப்பாக இருந்த தம்பி. மடிக்கணினியில் அதே வன்வட்டு ஒழுங்காக வேலை செய்தது. அந்த மின்னற்குறி ராஸ்பெரி பை தானே காட்டும் எச்சரிக்கை: தனக்கு வரும் வோல்ற்றளவு 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். கம்பியின் இரு சரடுகளும் சேர்ந்து கால் ஓம் தடை கொண்டிருந்தால், இரண்டு அம்பியர் பாயும்போது ஓமின் விதிப்படி அரை வோல்ற் வழியிலேயே போய்விடும். சார்ஜரிலிருந்து புறப்படும் 5 வோல்ற் கணினியை அடையும்போது 4.5 தான். குட்டையான தடித்த கம்பியும், 5.1 வோல்ற்றில் 3 அம்பியர் தரக்கூடிய மின்வழங்கியும் மாற்றியபோது அந்த வன்வட்டு மறுபேச்சின்றி வந்தது. சூரியப் படலத்தின் 12 வோல்ற் பற்றரியிலிருந்து வாகனச் சார்ஜர் மூலம் இக்கணினியை ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய வன்வட்டு என்றால், தனி மின்வழங்கியுள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றில் அதைச் செருகுவதே நிம்மதி.

கெர்னல் ஒரு சாதனத்துக்குப் பெயர் சூட்டியதும் ‘புதியவர் வந்திருக்கிறார்’ என்று ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது உடெவ் என்னும் பின்னணிச் சேவை. அது பகிர்வைத் திறந்து என்ன கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கு) உள்ளதென்று பார்த்து, அதன் தனி அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, தன்னிடமுள்ள விதிக் கோப்புகளைப் புரட்டுகிறது. பொருந்தும் விதியில் ‘இந்த நிரலை இயக்கு’ என்று இருந்தால் இயக்கும். ரெட்ரோபை நம்பியிருக்கும் ‘யூஎஸ்பிமவுண்ட்’ இப்படி இயக்கப்படும் ஒரு சிறு நிரல்தான். மீடியா என்ற கோப்புறையின் கீழ் ‘யூஎஸ்பி0’ முதல் ‘யூஎஸ்பி7’ வரையுள்ள இடங்களுள் காலியான ஒன்றில் அது பென் டிரைவை மவுண்ட் செய்யும். விதியைத் தாமே எழுதுபவர்கள் ‘எஸ்டிஏ1’ போல எண்ணுடன் முடியும் பெயர்களை மட்டும் எதிர்பார்த்து எழுதிவிடுவதுண்டு. சில பென் டிரைவ்கள் பகிர்வு அட்டவணையே இல்லாமல் வடிவமைக்கப்பட்டிருப்பதால் அவை வெறும் ‘எஸ்டிஏ’ ஆகவே வந்து, விதியில் அகப்படாமல் நழுவிவிடும்.

இனி வருவது, அனுபவசாலிகளையும் தலையைச் சொறிய வைக்கும் பழுது. பதிவைப் பார்த்தால் யூஎஸ்பிமவுண்ட் ஓடியிருக்கிறது, மவுண்ட் செய்திருக்கிறது, பிழை எதுவும் சொல்லவில்லை. கோப்புறையைத் திறந்தால் வெறுமை.

எந்தச் சேமிப்பகம் எந்தக் கோப்புறையில் மவுண்ட் ஆகியுள்ளது என்ற பட்டியல் கணினி முழுவதற்கும் பொதுவான ஒன்று என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் 2002 ஆம் ஆண்டு முதலே லினக்ஸ் கெர்னலால் ஒரு செயன்முறைக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) அதன் வழிவந்தவற்றுக்கும் தனியான மவுண்ட் பட்டியல் ஒன்றைக் கொடுக்க முடியும். பின்னணிச் சேவைகளைப் பாதுகாப்பாக அடைத்துவைக்க, அவற்றைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இந்த வசதியைப் பயன்படுத்துகிறது. 2019 இல் வெளிவந்த டெபியன் 10 என்ற லினக்ஸ் பதிப்பிலும், அதைத் தழுவிய ராஸ்பெரி பை பணிசெயல் முறைமையிலும், உடெவ் சேவையின் அமைப்பில் ‘பிரைவேட்மவுண்ட்ஸ்’ என்ற வரி ‘யெஸ்’ என்று வைக்கப்பட்டுள்ளது. அதாவது உடெவ் தனக்கென ஒரு வேலியடைத்த வளவுக்குள் இருக்கிறது. அந்த வேலியிலுள்ள பொட்டோ (நுழையும் இடைவெளி) ஒருவழிப் பொட்டு. வெளியே நடக்கும் மவுண்ட் உள்ளே தெரியும். உள்ளே நடக்கும் மவுண்ட் வெளியே தெரியாது. யூஎஸ்பிமவுண்ட்டை இயக்குவது உடெவ் என்பதால், அது பென் டிரைவை மவுண்ட் செய்வதும் அந்த வளவுக்குள்ளேயே. வேலை உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஆனால் விளையாட்டு முகப்பும் நீங்களும் வேலிக்கு வெளியே நிற்கிறீர்கள்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, நேரடியாகப் பார்க்கலாம். ‘புரொக்’ கோப்புறையில் ஒவ்வொரு செயன்முறையின் எண்ணின் கீழும் ‘மவுண்ட்ஸ்’ என்றொரு கோப்பு உண்டு. உடெவ்வின் எண்ணுக்குரிய கோப்பில் ‘யூஎஸ்பி0’ இருந்து, உங்கள் கட்டளைத் திரைக்குரிய கோப்பில் அது இல்லாவிட்டால் வழக்கு முடிந்தது. பலரும் செய்யும் தீர்வு, ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் உடெவ் சேவைக்கு இயல்பான அமைப்பை மேலெழுதும் ஒரு கோப்பு உண்டாக்கி, அந்த வரியை ‘நோ’ என மாற்றிச் சேவையை மீளத் தொடங்குவது. வேலை செய்யும். எனினும் பாதுகாப்புக்காகப் போட்ட வேலியைப் பிடுங்குவதை விட, உடெவ் விதியிலிருந்து ‘சிஸ்டம்டி-மவுண்ட்’ கட்டளையை அழைப்பதே முறை என்பேன். அக்கட்டளை தானே மவுண்ட் செய்வதில்லை. முறைமையின் முதற் செயன்முறையான சிஸ்டம்டியிடம் வேண்டுகோள் விடுக்கிறது. அது பொதுப் பட்டியலிலேயே மவுண்ட் செய்கிறது. யூஎஸ்பிமவுண்ட் நெடுங்காலமாகப் பராமரிக்கப்படாத நிரல் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

இதன் உடன்பிறப்பான ஒரு பழுது, விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உள்ள வன்வட்டுகளில் தென்படும்: மவுண்ட் ஆகிறது, கோப்புகள் ஓரிரு கணம் தெரிகின்றன, பிறகு ‘டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட்’ என்று தொடங்கும் முறைப்பாடு வருகிறது. என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற பழைய இயக்கி கெர்னலுக்குள் இல்லாமல் ஒரு சாதாரண நிரலாகவே ஓடுகிறது. உடெவ் தன் விதி முடிந்ததும், அவ்விதி தொடங்கிவைத்த நிரல்கள் அனைத்தையும் நிபந்தனையின்றிக் கொன்றுவிடும். இயக்கி செத்தால் மவுண்ட் வெறும் கூடு. சிஸ்டம்டி-மவுண்ட் வழியில் இத்தொல்லையும் இல்லை. கெர்னல் 5.15 இல் 2021 இல் சேர்ந்த புதிய என்டிஎஃப்எஸ்3 இயக்கி கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் கொல்லப்படுவதில்லை; ஆனால் விண்டோஸில் ஒழுங்காக நீக்கப்படாத வன்வட்டை அது ஏற்க மறுக்கும்.

கோப்பு முறைமை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேட்32 எங்கும் செல்லும். ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது என்பதே அதன் வரம்பு, பழைய விளையாட்டுகளுக்கு அது பிரச்சினையே அல்ல. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ஆகியவை யூஎஸ்பிமவுண்ட்டின் இயல்புப் பட்டியலில் இல்லை; சேர்த்தால்தான் அவற்றைத் தொடும். ஃபேட் முறைமைக்கு உரிமையாளர் என்ற கருத்தே கிடையாததால், மவுண்ட் செய்யும்போது பயனர் எண்ணைக் குறிப்பிடாவிட்டால் எல்லாக் கோப்புகளும் நிர்வாகிக்கு உரியனவாகத் தோன்றும். விளையாட்டு ஓடும், ஆனால் ஆடிய இடத்தைச் சேமிக்க முடியாது.

மவுண்ட் ஆன பின்னும் ஒரு கட்டம் எஞ்சியுள்ளது. பென் டிரைவின் மேல்மட்டத்தில் ‘ரெட்ரோபை’ என்ற கோப்புறை இருந்தால் அதிலுள்ளவை கணினிக்குள் பிரதியாகும். ‘ரெட்ரோபை-மவுண்ட்’ என்று இருந்தால் பென் டிரைவே விளையாட்டுக் களஞ்சியமாகப் பயன்படும். இக்கோப்புறை இன்னொரு கோப்புறைக்குள் புதைந்திருந்தால் இரண்டும் நடவாது. எல்லாம் சரியாக இருந்தும் பட்டியல் மாறாவிட்டால், எமுலேஷன் ஸ்டேஷன் என்னும் விளையாட்டு முகப்பை மீளத் தொடங்கிப் பாருங்கள். அது தான் தொடங்கும்போது மட்டுமே கோப்புறைகளைப் படிக்கிறது. மெதுவாகச் சுழன்றெழும் வன்வட்டு அதற்குப் பிந்திவிட்டால் பட்டியலில் இடம்பெறாது.

எப்போதும் செருகியே இருக்கும் வன்வட்டுக்கு இந்தத் தானியங்கி ஏற்பாடு தேவையே இல்லை. தொடங்கும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி போதும். அவ்வரியில் ‘எஸ்டிஏ1’ என்று எழுதக்கூடாது. இரண்டு சாதனங்கள் செருகியிருந்தால் எது முந்துகிறதோ அதற்கே அப்பெயர் போகும். கோப்பு முறைமையின் தனி அடையாள எண்ணை எழுத வேண்டும். ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வன்வட்டைக் கழற்றிய ஒரு நாளில் கணினி 90 செக்கன் காத்திருந்துவிட்டு, விளையாட்டு முகப்புக்குப் பதிலாக அவசரகாலக் கட்டளைத் திரையில் போய் நிற்கும். ‘நோஃபெயில்’ இருந்தால் வன்வட்டு வராவிட்டாலும் அது வழமைபோலத் தொடங்கிவிடும்.