பிளாக்கைத் தூக்கும் முன் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கணக்குப் பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரித் தம்பி தன் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐத் தள்ளிக்கொண்டே என் பட்டறைக்கு வந்தார். எஞ்சின் ஜாம். சிலிண்டர் பிளாக்கைக் கழற்றினால், அடியில் பேக்கிங்கோடு சேர்த்து 1 மி.மீ. அலுமினியத் தகடு. பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கக் கோடு கோடாக உரசல். "தகடு வெச்சா டாப் ஸ்பீடு ஏறும்னு ஒரு இடத்துல போட்டுக் கொடுத்தாங்கண்ணே" என்றார். இந்த வருடத்தில் இப்படி வந்த நாலாவது வண்டி.

தகடு வைப்பது தவறான வேலை அல்ல. அளக்காமல் வைப்பதுதான் தவறு.

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டர் சுவரில் எரிந்த புகை வெளியேறும் துளை) திறக்கும், கொஞ்சம் கழித்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் (புதுக் கலவை உள்ளே வரும் துளைகள்). நடுவில் உள்ள அந்தச் சின்ன அவகாசம்தான் பிளோடவுன். எரிந்த புகையின் அழுத்தம் அதற்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் புகை டிரான்ஸ்ஃபர் வழியாகத் திரும்பிப் போய்ப் புதுக் கலவையைக் கெடுக்கும்.

பிளாக்கைத் தூக்கினால் எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர் இரண்டும் சேர்ந்தே உயரும். ஆனால் கிராங்க் சுற்றும் டிகிரியில் சமமாக உயராது. பிஸ்டன் நடுவழியில் வேகமாக ஓடும், அடியை நெருங்க நெருங்க மெதுவாகும். அதனால் அதே ஒரு மில்லிமீட்டர், கீழே இருக்கும் டிரான்ஸ்ஃபருக்குக் கூடுதல் டிகிரியைக் கொடுத்துவிடும். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 50 மி.மீ.; கணக்குக்காக, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட் நீளம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் 170 டிகிரியும் டிரான்ஸ்ஃபர் 120 டிகிரியும் திறந்திருக்கும் எஞ்சினில் பிளோடவுன், வித்தியாசத்தில் பாதி, 25 டிகிரி. 1 மி.மீ. தூக்கியதும் எக்ஸாஸ்ட் சுமார் 174.7, டிரான்ஸ்ஃபர் 126. பிளோடவுன் 24.4 ஆகிவிட்டது! 7500 ஆர்பிஎம்மில் முன்பு 0.56 மில்லி செகண்ட் கிடைத்தது. 9000-க்கு விரட்டினால் இப்போது 0.45 தான். டாப் ஸ்பீடுக்காகச் செய்த வேலை, டாப்பில் எஞ்சின் மூச்சு விடும் நேரத்தையே குறைத்துவிடுகிறது.

இதோடு முடியவில்லை. 50 மி.மீ. போரில் (சிலிண்டரின் உள்விட்டம்) ஒரு மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 2 சிசி. ஹெட்டுக்குள் 15 சிசி இடம் இருந்தால் அது 17 ஆகிவிடும். கம்ப்ரஷன் விழும், கீழ் இழுவை போய்விடும். இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் ஹெட்டின் முகத்தை லேத்தில் கடைகிறார்கள். இந்தத் தம்பியின் வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது. கம்ப்ரஷன் திரும்பிவிடும், சரி. ஸ்குவிஷ் இடைவெளி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி? பிளக் துளை வழியாக ஈயக் கம்பியைப் போர் சுவரைத் தொடும்படி விட்டு, கிராங்கைச் சுற்றி, நசுங்கிய நுனியை அளந்தேன். 2 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேலே. இந்த அளவு எஞ்சினுக்கு நான் 1 மி.மீ. பக்கத்தில்தான் வைப்பேன். ஓரத்தில் தங்கும் கலவை தன் பாட்டுக்கு வெடிக்க ஆரம்பித்தால் தட்டல் வரும், பிஸ்டன் கொதிக்கும். அதற்கு மேல் ஓப்பன் சைலன்சர், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டோ பழைய அளவு. ஜாம் ஆகாமல் என்ன செய்யும்?

முறையாகச் செய்வதென்றால், கிராங்கில் டிகிரி வீல் (டிகிரி குறித்த வட்டத் தகடு) மாட்டி இப்போதைய டைமிங்கை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத் தகடு. ஏறிய உயரத்தைப் பிளாக்கின் மேல் முகத்தில் கடைந்து, ஸ்குவிஷைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் எக்ஸாஸ்ட்டை மட்டும் கிரைண்டரால் கால் கால் மில்லிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் அளந்து, பிளோடவுனை மீட்க வேண்டும். அகலத்தில் கைவைக்கும்போது பயம் இருக்கட்டும். போரில் 70 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி மாட்டும். போர்ட்டின் ஓரத்தைச் சாய்வாக மழுக்காமல் கோத்தாலும் ரிங் உடையலாம். சைலன்சர், ஜெட் இரண்டையும் புது டைமிங்குக்குப் பொருத்தாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இத்தனையும் டிராக்கில் ஓடும் வண்டிக்கு. ரோட்டு வண்டிக்கு, வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இருக்கிறது.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. போர் தேய்ந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிரைண்டரால் உயர்த்திவிட்ட போர்ட்டைக் கீழே இறக்க எளிதான வழியில்லை.

தம்பியின் அதிர்ஷ்டம், போர்ட்டில் யாரும் கிரைண்டர் வைக்கவில்லை. தகட்டைத் தூக்கிப் போட்டேன். கடைந்த ஹெட்டுக்குப் பதில் வேறு ஹெட், அடுத்த சைஸ் பிஸ்டன், ரிங், பழைய சைலன்சர். கோப்பதற்கு முன் ஒரு தாளைச் சுருட்டிப் போருக்குள் விட்டு, விரல் நுழையும் இடமெல்லாம் பென்சிலால் தேய்த்துப் போர்ட்டுகளின் அச்சை எடுத்து, ஓரத்தில் உயரங்களை எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.