அமெரிக்கக் கிராமத் தீயணைப்புப் படைகளுக்கான மானியம்: யாருக்கு, எவ்வளவு, எங்கே சிக்கும்?

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் தன்னார்வலர்கள். சிற்றூர்களில் விவசாயியும் மெக்கானிக்கும் பள்ளி ஆசிரியரும்தான், பேஜர் அடித்ததும் கிளம்பிப் போய் வண்டியை எடுக்கிறார்கள். ஆளுக்குச் சம்பளம் வேண்டாம்; கருவிக்குப் பணம் வேண்டுமே. விருந்து நடத்தித் திரட்டும் காசில் மூச்சுக் கருவிகள் வாங்கி முடியாது.

அதற்கான பெரிய மத்திய மானியம் ஏஎஃப்ஜி (தீயணைப்பு வீரர்களுக்கான உதவி மானியம்). மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா நடத்துகிறது, 2001 முதல் வழங்குகிறது. ஒதுக்கீட்டில் குறைந்தது 25 சதவீதம் தன்னார்வப் படைகளுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். 20,000 பேர் வரையுள்ள ஊர் தன் பங்காக 5 சதவீதம் போட வேண்டும். இந்தக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். 5 சதவீதம் என்பது மொத்தச் செலவில் அல்ல, அரசு தரும் தொகையில். 1,00,000 டாலர் திட்டத்தை 1.05ஆல் வகுத்தால் 95,238 வரும். அது அரசு பங்கு. மீதி 4,762 டாலர் ஊருடையது. மானியம் வருகிறதே என்று படையின் சொந்தச் செலவை வெட்டவும் கூடாது: முந்தைய இரண்டு ஆண்டுச் சராசரியில் 80 சதவீதமாவது தொடர வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன்பே பலர் கவிழ்வது, மத்திய அரசின் பணம் பெறுவோர் பதிய வேண்டிய சாம் டாட் கவ் (SAM.gov) தளத்தின் பதிவில். படையின் சட்டப்பெயரும் முகவரியும் வரித்துறை ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இது முழுக்க இலவசம். "நாங்கள் பதிந்து தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சலை அழித்துவிடலாம்.

விண்ணப்பம் ஃபெமாவின் 'ஃபெமா கோ' இணையதளத்தில். கேள்விகளுக்கான பதில்களைக் கணினி முதலில் மதிப்பிடும். மேலே வந்தவற்றை வேறு ஊர்த் தீயணைப்புக்காரர்கள் குழுவாக உட்கார்ந்து படிப்பார்கள். விளக்கவுரையில் எழுதாத எதையும் அவர்கள் கணக்கில் எடுக்க முடியாது. "உடைகள் பழசு" என்றால் போதாது. எத்தனை உடைகள், எந்த ஆண்டில் தயாரானவை, அவற்றில் எத்தனை 10 ஆண்டைத் தாண்டியவை என்று எழுதுங்கள். தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுதான் தீ உடையின் ஆயுள். மூச்சுக் கருவியை ஆள் கணக்கில் கேட்காதீர்கள், வண்டிகளின் இருக்கைக் கணக்கில் கேளுங்கள். மானியம் உறுதியாகும் முன் வாங்கிய பொருளுக்குப் பணம் திரும்பாது. நிலையச் சுவரைத் துளைத்துப் பொருத்தும், வண்டிப் புகையை வெளியேற்றும் அமைப்பு போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு முடியும்வரை வேலையைத் தொடங்கவே கூடாது.

சிறு தேவைக்கு விஎஃப்ஏ (தன்னார்வத் தீயணைப்பு உதவி) போதும். மத்திய வனத்துறைப் பணம், மாநில வனத்துறை வழியாக வரும். 10,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கானது. பாதிச் செலவு ஊருடையது. காட்டுத்தீ உடை, குழாய், வாக்கி டாக்கி, பயிற்சி ஆகியவற்றுக்கு இதுவே சுலபமான வழி.

அரசு கழித்த வண்டிகளும் மாநில வனத்துறை வழியே கிடைக்கும். இதற்கு இரண்டு திட்டங்கள். எஃப்இபிபி (மத்திய அரசின் உபரிச் சொத்துத் திட்டம்) என்றால் வண்டி கடைசிவரை மத்திய அரசின் சொத்து. விற்க முடியாது, தேவை முடிந்தால் திருப்பித் தர வேண்டும். எஃப்எஃப்பி (ராணுவம் கழித்த பொருள்களைத் தீயணைப்புப் படைகளுக்குத் தரும் திட்டம்) என்றால் நிபந்தனைகளை முடித்தபின் உரிமை படைக்கே வரும். ராணுவ எரிபொருள் டேங்கர் கிடைத்தால் விளிம்புவரை தண்ணீர் நிரப்பாதீர்கள். ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, டீசல் ஏறத்தாழ 7. எரிபொருளுக்கென்று செய்த தொட்டியைத் தண்ணீரால் நிறைத்தால் அச்சும் பிரேக்கும் தாங்க வேண்டிய எடையைத் தாண்டிவிடும், வளைவில் வண்டி கவிழும். முதலில் எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, தேவையானால் சிறிய தொட்டி மாற்றுங்கள்.