வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லையா? பூஸ்டர் வாங்கும் முன் படியுங்கள்

"சார், வீட்டுக்குள்ள டவரே கிடைக்கல. ஆன்லைன்ல ஒரு பூஸ்டர் பார்த்தேன், வாங்கி மாட்டிடட்டுமா?"

கட்டடங்களுக்குள் செல்பேசி சிக்னல் அமைப்பது என் தொழில். அதனால் இந்தக் கேள்வி உறவினர் வீட்டு விசேஷத்தில்கூட என்னைத் தேடி வரும். கேட்பவர்களின் அவதி உண்மையானது. ஓடிபி வருவதற்குப் பால்கனிக்கு ஓட வேண்டியிருக்கிறது. அடித்தள பார்க்கிங்கில் வண்டி மக்கர் செய்தால் யாரையும் கூப்பிட முடிவதில்லை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால் படுக்கையறையிலிருந்து அழைப்பு போக வேண்டும். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறேன்: நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள். உங்கள் கட்டடத்தில் ரிப்பீட்டர் (பூஸ்டருக்கு எங்கள் தொழிலில் உள்ள பெயர்) வருவதற்கு வேறு நேரான வழி இருக்கிறது.

முதலில் சட்டம். இந்தியாவில் ரேடியோ அலை அனுப்பும் கருவியை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டத்திலிருந்து 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை இதில் மாற்றமில்லை. வைஃபை போலச் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. செல்பேசி ரிப்பீட்டருக்குக் கிடையாது. 2022 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் அறிவிப்பில் இதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னது: உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம். கடையில் பில் போட்டுக் கொடுத்தார்கள், இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு இருந்தது என்பதெல்லாம் அனுமதி ஆகிவிடாது.

"என் வீடு, என் கரண்ட், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். நஷ்டம் உங்கள் வீட்டுக்கு வெளியேதான், அதுவும் உங்களுக்குத் தெரியாமலேயே நடக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரிப்பீட்டருக்கு இரண்டு முகம். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா டவரைப் பார்த்திருக்கும். வீட்டுக்குள் ஒன்று உங்களுக்குச் சிக்னல் கொடுக்கும். நடுவில் இருக்கும் பெட்டி இரண்டு திசையிலும் சிக்னலைப் பெருக்குகிறது. 70 டெசிபல் பெருக்கம் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தால் ஒரு கோடி மடங்கு என்று பொருள். டவரிலிருந்து உங்களுக்கு வருவதைப் பெருக்குவது ஒரு பக்கம். உங்கள் போனிலிருந்து டவருக்குப் போவதையும் அதே அளவு பெருக்கி வெளியே அனுப்புகிறது. ஆபத்து இந்த இரண்டாவது பாதையில் இருக்கிறது.

டவரில் இருக்கும் ரிசீவர் மிக நுட்பமான காது கொண்டது. மைனஸ் 110 டிபிஎம் அளவில், அதாவது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு சக்தியில் வரும் போனின் சிக்னலையும் அது பிரித்தறிய வேண்டும். தரமற்ற பூஸ்டர் போன் பேசாத நேரத்திலும் தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி, மாடியிலிருந்து டவரை நோக்கிக் கொட்டிக்கொண்டே இருக்கும். டவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். இரைச்சல் ஏற ஏற, தூரத்தில் இருக்கும் போன்களின் குரல் டவருக்குக் கேட்காமல் போகும். கோடுகள் முழுதாகக் காட்டும், ஆனால் அழைப்பு போகாது. போனாலும் நடுவில் அறுந்துவிடும். அந்த டவரின் ஓரத்தில் இருப்பவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். அவர் 108-க்கு முயன்றுகொண்டிருக்கலாம்.

இன்னும் மோசமானது அலைவு. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் 'கீ...' என்று ஊளையிடும் அல்லவா, அதேதான். உள் ஆன்டெனாவின் சிக்னல் வெளி ஆன்டெனாவுக்குத் திரும்பிப் போய், மறுபடி பெருகி, மறுபடி திரும்பி, கடைசியில் பெட்டி முழு சக்தியில் குப்பையை ஒலிபரப்ப ஆரம்பித்துவிடும். இதைத் தவிர்க்க, இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையே சிக்னல் இழப்பு பெட்டியின் பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் பாலபாடம். 70 பெருக்கம் என்றால் 85 இழப்பு. கான்கிரீட் தளம் ஒன்று நடுவில் இருந்தால் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் வெளி ஆன்டெனாவை ஜன்னல் கிரில்லில் கட்டிவிட்டு, உள் ஆன்டெனாவை அதே ஹாலில் அலமாரி மேல் வைத்தால் 85 எங்கிருந்து வரும்? மலிவான பெட்டிகளில் அலைவைக் கண்டுபிடித்துத் தானாக அணையும் வசதி இருப்பதில்லை. இருக்கிறது என்று அட்டையில் போட்டிருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

தென்சென்னையில் ஒரு குடியிருப்புப் பகுதியில் மாலை ஆனால் அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. பகலில் எல்லாம் சரியாக இருக்கும். டவரில் கோளாறில்லை. இரைச்சல் வரும் திசையை ஆன்டெனாவாலும், எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசராலும் தேடிக்கொண்டே தெருத்தெருவாகப் போனோம். கடைசியில் தரைத்தளத்தில் இருந்த ஒரு சின்னக் கடையில் போய் முடிந்தது. மாலையில் கடை திறப்பவர், விளக்குப் போடும் சுவிட்சிலேயே பூஸ்டரையும் இணைத்திருந்தார். நல்ல மனிதர், பணம் வாங்கும் செயலி வேலை செய்ய வேண்டும் என்பதற்காக மாட்டியது. அதே தெருவில் இருந்த கிளினிக் டாக்டருக்கு நோயாளிகளின் அழைப்பு வராமல் இருந்ததற்குத் தன் கடைதான் காரணம் என்று தெரிந்ததும் அவரே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். விற்றவர் இதில் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கோபம் எல்லாம் அப்படி விற்பவர்கள் மேல்தான்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வருவதும் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் விற்கும் பூஸ்டர் நல்ல தரமானதாகவே இருக்கலாம். 2014 மார்ச்சிலிருந்து அங்கே கடுமையான தரவிதி உண்டு. வாங்கியவர் தன் செல்பேசி நிறுவனத்திடம் பதிவும் செய்ய வேண்டும். ஆனால் அலைவரிசைகள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 1900 பேண்டில் போன்கள் பேசுவது 1850 முதல் 1910 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் ஊர் 1800 பேண்டில் டவர்கள் பேசுவது 1805 முதல் 1880 வரை. 1850-க்கும் 1880-க்கும் இடையில் இரண்டும் மோதுகின்றன. அங்கே போனின் குரல் என்று அந்தக் கருவி நினைக்கும் இடத்தில் இங்கே டவரின் குரல் இருக்கிறது. வீட்டுக்குள் வந்து சேரும் டவர் சிக்னலையே எடுத்து, பெருக்கி, மாடியிலிருந்து ஊருக்குத் திருப்பி வீசும். உங்களுக்கும் உதவாது, அடுத்தவருக்கும் தொல்லை. தவிர, 2300 பேண்ட் 4ஜியிலும் 3300-க்கு மேல் இருக்கும் 5ஜியிலும் போனும் டவரும் ஒரே அலைவரிசையில் நேரம் பிரித்து மாறி மாறிப் பேசுகின்றன. அந்த நேரக் கணக்கு தெரியாத பூஸ்டர் தப்பான நொடியில் வாயைத் திறக்கும்.

சரி, என்னதான் செய்வது?

முதல் வேலை அளந்து பார்ப்பது. கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் ஒரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதிக்குள் சிம் நிலையைப் பார்த்தால் சிக்னல் டிபிஎம் கணக்கில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் வரும். 4ஜியில் மைனஸ் 90-க்கு அருகில் இருந்தால் நன்று. மைனஸ் 110-க்கும் கீழே போனால் சிரமம். இதை வீட்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் நன்றாக இருந்து உள்ளே மட்டும் இல்லையென்றால் கட்டடம்தான் தடுக்கிறது. இப்போதைய அலுவலகங்களில் வெயிலுக்காகப் போடும் உலோகப் பூச்சுக் கண்ணாடி, கான்கிரீட் சுவரைப் போலவே சிக்னலை விழுங்கும். மாடியிலேயே இல்லையென்றால் ரிப்பீட்டர் பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. அப்போது பேச வேண்டியது டவர் பற்றி.

இரண்டாவது, வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போவது. பிராட்பேண்ட் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். 2019 டிசம்பரில் ஏர்டெல், அடுத்த மாதமே ஜியோ என்று இந்தியாவில் ஆரம்பித்தது. தனிக் கட்டணம் இல்லை, தனிச் செயலியும் வேண்டாம். செட்டிங்ஸில் ஒரு பொத்தானை இயக்கினால் போதும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் சில ஆயிரம் ரூபாயைப் பூஸ்டரில் போட்டவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். ஒரே ஒரு குறை, கரண்ட் போனால் ரூட்டர் அணைந்துவிடும். ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

அதிலும் தீராத இடங்கள் இருக்கின்றன. அடித்தள பார்க்கிங், லிஃப்ட் லாபி, மருத்துவமனையின் உள்வார்டு, பெரிய குடியிருப்பின் நடுத் தளங்கள். இங்கே செல்பேசி நிறுவனத்தை வரவழைக்க வேண்டும். 198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தனியாள் புகாரைவிடக் குடியிருப்போர் சங்கத்தின் கடிதத்துக்கு வேகம் அதிகம். எந்தத் தளத்தில், எந்த நிறுவனத்தின் சிம்மில், எத்தனை டிபிஎம், எத்தனை வீடுகள் என்று எழுதிக் கொடுங்கள். நிறுவனத்தின் ஆட்கள் வந்து அளந்து, ரிப்பீட்டரா, சின்ன செல்லா (கட்டடத்துக்குள்ளேயே வைக்கும் குட்டி டவர்), தளத்துக்குத் தளம் ஆன்டெனா ஓடும் முழு அமைப்பா என்று முடிவு செய்வார்கள். கட்டடம் இன்னும் வரைபடத்தில் இருந்தால் இப்போதே கேபிள் செல்லும் வழிக்கும் கருவி அறைக்கும் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கட்டடங்களை இணைப்பு வசதியை வைத்துத் தரமிட, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதிமுறையே கொண்டுவந்துவிட்டது. வீடு வாங்கும்போது தண்ணீரைப் பற்றிக் கேட்பது போல இதையும் கேட்கலாம்.

நிறுவனமே வந்து மாட்டினாலும் நீங்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. மொட்டைமாடிக் கம்பம்தான் என் முதல் கவலை. மாடிக்குப் பக்கத்தில் ஈபி லைன் போகிறதென்றால், நிறுத்தும்போது கம்பம் கைநழுவிச் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இடிதாங்கியின் கம்பத்திலேயே ஆன்டெனாவைக் கட்டக் கூடாது. அதன் பாதுகாப்பு எல்லைக்குள், அதைவிடத் தாழ்வாக நிறுத்த வேண்டும். கம்பத்துக்கு எர்த் வேண்டும், அந்த எர்த் கட்டடத்தின் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் குத்திவிட்டுப் போனால், இடி விழும் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் மின்னழுத்தம் கருவி வழியாக வீட்டுக்குள் பாயும். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில், மின்னலால் பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். நுழைவதற்கு முன் கேபிள் கீழ்நோக்கி வளைந்து மேலேறினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியதை நினைத்துக்கொண்டு கம்பத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். இரண்டு கேபிள் டையில் நிற்கும் ஆன்டெனாவை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

டிவிக்குப் போடும் கேபிளை இதற்குப் போட விடாதீர்கள். அது 75 ஓம், இதற்கு வேண்டியது 50 ஓம். மலிவான டிவி வயரில் உறை தளர்வாக இருப்பதால் சிக்னல் வழியெல்லாம் கசியும். மேலே சொன்ன 85 டெசிபல் கணக்கு அங்கேயே அடிபட்டுப்போகும்.

உள்ளே, அடாப்டரைக் காற்றோட்டமில்லாத ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. எப்போதும் சூடாகவே இருக்கும் பொருள் அது. தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். கேபிளுக்காகத் தளத்தில் போட்ட ஓட்டையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்காமல் போனால், கீழ்த்தளத்துப் புகை அதன் வழியே மேலேறும். கதிர்வீச்சைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். உள் ஆன்டெனாக்கள் பொதுவாக நூறு மில்லிவாட் அளவில்தான் அனுப்புகின்றன. சிக்னல் கிடைக்காத இடத்தில் உங்கள் காதோடு ஒட்டிய போன் இருநூறு மில்லிவாட் வரை போகும். 2012 செப்டம்பரிலிருந்து டவர்களுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பும் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆன்டெனாவைக் கட்டிலுக்கு நேர்மேலே வைக்காமல் நடைவழிக் கூரையில் வைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் பெட்டியின் மேல் எந்த நிறுவனத்தின் கருவி, பழுதானால் யாரை அழைப்பது என்று ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம், தெருவில் இறங்கி நின்று நீங்களே இரண்டு அழைப்புகள் செய்து பாருங்கள். வீட்டுக்குள் நன்றாகி, தெருவில் கெட்டுப்போயிருந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே பூஸ்டர் மாட்டியிருப்பவர்கள் தயங்காமல் இன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள். மின்சாரத்தை எடுத்த பிறகு மாடி ஆன்டெனாவைக் கழற்றுங்கள். மழையிலோ இடி மின்னலிலோ மேலே ஏற வேண்டாம். போட்ட காசு போகிறதே என்று பழைய பொருள் விற்கும் தளத்தில் போட்டுவிடாதீர்கள், விற்பதும் குற்றம்தான். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, 198-க்கு ஒரு புகாரைப் போடுங்கள்.