எலிவேஷனுக்குத் தமிழ் முகப்பு

நெல்லை டவுனில் ரத வீதி ஒன்றில் புதிதாக எழும்பியிருக்கும் ஒரு கடையின் படம் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் தகடு, நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டை, ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளைவு. படத்துக்குக் கீழே ஊர்க்காரர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். "தேர் வார தெருவுல இப்படியா எலிவேஷன் வைப்பாவ?" என்பது அதில் ஒன்று. இதைச் செய்தியாக்கிய ஓர் இணைய இதழ், ‘புதிய கட்டடத்தின் உயரத்துக்கு மக்கள் எதிர்ப்பு’ என்று தலைப்புப் போட்டது.

கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். உயரத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் எலிவேஷன் என்றது கட்டடத்தின் முன்பக்கத்தை. ஆனால் தலைப்பைப் படித்துவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள், கோயிலைச் சுற்றி எத்தனை மாடி கட்டலாம் என்று ஒரு புதுச் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததால் ஊராரின் மனக்குறையே வேறொன்றாக மாறிப்போனது. எலிவேஷனை ‘உயரம்’ என்றும் ‘உயர்வு’ என்றும் எழுதுவதை இதோடு எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

இலத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமில்லாதது. ‘எலெவாரே’ என்றால் தூக்குவது, மேலே எடுப்பது. அதிலிருந்து வந்தது எலிவேஷன். கடல்மட்டத்திலிருந்து ஓர் ஊர் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதற்கும் இதே சொல்தான். அங்கே ‘உயரம்’ பொருந்தும். கட்டட வேலையில் பொருள் வேறு. பிளான் தரையில் படுத்துக் கிடக்கிற படம். அதிலிருந்து கோடுகளை மேலே எடுத்து, சுவர் நிற்கிறபடி வரைந்தால் எலிவேஷன். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இந்தப் படத்துக்கு ‘ஆர்த்தோகிராஃபியா’ என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டு, முகப்பின் நிமிர்ந்த உருவம் என்று விளக்கம் தந்தார். முகப்பு என்ற பொருளில் அவர் ஆண்ட இலத்தீன் சொல்லுக்கு நெற்றி என்றும் பொருள் உண்டு. ஃபசாட் என்ற பிரெஞ்சுச் சொல்லும் முகத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் வருகிறது. ஆக, அவர்களும் கட்டடத்துக்கு ஒரு முகம் உண்டு என்றே பேசியிருக்கிறார்கள்.

சரி, நம் ஊரில் இந்தச் சொல் என்னவாக இருக்கிறது? கொத்தனாரிடம் கேளுங்கள். "அண்ணாச்சி, எலிவேஷன் தனி. அது ஸ்கொயர் ஃபீட் ரேட்டுல வராது" என்பார். அவர் சொல்லும் எலிவேஷன், கட்டி முடித்த சுவர்மேல் செய்கிற அலங்காரம்: ஏசிபி ஷீட் என்கிற அலுமினியத் தகடு, டெக்ஸ்சர் பெயிண்ட், துளை வெட்டிய ஜாலித் தடுப்பு, ராத்திரி எரியும் பட்டை விளக்கு. டைல்ஸ் கடையில் ‘எலிவேஷன் டைல்ஸ்’ என்றே ஒரு வரிசை இருக்கும். இன்ஜினியருக்கு அது ஒரு படம். தெருவில் நிற்கிறவருக்குக் கட்டடத்தின் முன்பக்கம். மூன்று பொருளையும் ஒரே சொல் தூக்கிச் சுமக்கிறது. மொழிபெயர்ப்பவர் மூன்றையும் விட்டுவிட்டு, அகராதியில் முதலில் கிடைத்த நான்காவதை எடுத்துப் போடுகிறார்.

உயரத்தை விடுங்கள், அது வெறும் பிழை. திருத்திவிடலாம். எனக்குப் பெரிய வழக்கு ‘வெளித்தோற்றம்’ என்ற சொல்மேல்தான். பார்க்க நல்ல தமிழ், யாருக்கும் புரியும், அதனால் பத்திரிகைகளும் விளம்பரங்களும் அதையே பிடித்துக்கொண்டன. அதில் என்ன கேடு என்றால், தமிழில் ‘வெளித்தோற்றம்’ எப்போதுமே உள்ளே இருக்கும் உண்மைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற சொல். ‘வெளித்தோற்றத்தை வைத்து ஆளை எடை போடாதே’ என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தச் சொல்லைக் கட்டடத்துக்கு வைத்த உடனே, குறை சொல்கிறவர் மேலோட்டமானவராக ஆகிவிடுகிறார். ரத வீதிக் கடை விவகாரத்திலும் இதுவே நடந்தது. "வெளித்தோற்றத்தைப் பார்த்துக் குறை சொல்லாதீங்க, உள்ளே வந்து பாருங்க, ஏசி இருக்கு, லிஃப்ட் இருக்கு" என்று கடைக்கு ஆதரவாக ஒருவர் எழுத, அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள். உள்ளே ஏசி இருப்பது கடைக்குள் போகிறவருக்கு நல்லது. தெருவில் நடக்கிறவர் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

முகப்பு என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு பக்கம் திரும்பும். முகம் நமக்கானது மட்டுமல்லவே, எதிரில் நிற்பவர்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டடத்தின் உள்பக்கம் உரிமையாளருக்கு; முகப்பில் தெருவுக்கும் பங்கு உண்டு. டவுன் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் திண்ணை, அதன்மேல் தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவு. அதைத் தாண்டினால் நடை, தார்சா, பட்டாசல், அடுக்களை என்று வீடு பின்னால் நீண்டுகொண்டே போகும். திண்ணை வீட்டுக்காரருடையதுதான், ஆனால் வெயிலுக்கு ஒதுங்குகிறவர் யாரிடமும் கேட்காமல் உட்காருவார். ஆனித் தேரோட்டத்தன்று அங்கே இடம் கிடைக்காது. முகப்பு என்பது அந்த வீடுகளில் ஆள் உட்காருகிற ஆழமுள்ள ஓர் இடம். இன்றைக்கு எலிவேஷன் என்பது தகட்டின் தடிமன். திண்ணையை இடித்து அந்த அடிகளையும் கடைக்குள் சேர்த்துக்கொண்டு, தெருவுக்கு ஒரு தகட்டை மட்டும் காட்டுகிறார்கள். ஊர்க்காரர்களின் கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதை ‘வெளித்தோற்றம் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் நிறப் பிரச்சினை போல ஆகிவிடுகிறது.

த்ரீ-டி எலிவேஷன் என்று இன்ஜினியர் அனுப்புகிற படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். வாசலில் யாருடையதோ ஒரு வெள்ளைக் கார் நிற்கும். பக்கத்து வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் புல்தரை இருக்கும். மின்கம்பம் கிடையாது, எதிர்ச் சாரி கிடையாது, தெருவே கிடையாது. அப்படி வரைந்ததைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தும்போது அது ஒட்டாமல் நிற்கிறது. வரைகிற மேசையிலேயே முகப்பு என்ற சொல் புழங்கினால், எதை நோக்கிய முகம் என்ற கேள்வி அங்கேயே எழும் என்று நம்புகிறேன்.

இன்னொரு பக்கத்தில் தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர், முகம் வடசொல் என்று தள்ளிவிட்டு ‘முன்றில்’ என்கிறார்கள். முன்றில் அருமையான சொல். இல்லின் முன் என்பது முன்றில் ஆனதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அது வீட்டுக்கு முன்னால் இருக்கும் வெளி. ஆள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைத்தான் குறுந்தொகை ‘அணிலாடு முன்றில்’ என்கிறது. அந்த ஒரு தொடரால் புலவருக்கே அணிலாடு முன்றிலார் என்று பெயர் வந்துவிட்டது. முற்றத்தின் பெயரை எடுத்துச் சுவருக்கு வைத்தால், நாளைக்கு முற்றத்துக்கு எங்கே போவது? முகத்தின் வேர் எந்த மொழி என்று அறிஞர்கள் இரு பக்கமும் வழக்காடட்டும். துறைமுகம், முகவரி, முகத்துவாரம் எல்லாம் இருக்கிற மொழியில் முகப்பை மட்டும் அந்நியமாக்குவது வீண் வேலை. நகைக்கடையில் ‘முகப்பு வச்ச செயின்’ என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு இந்தச் சொல்லைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முகப்புக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் எலிவேஷன் நான்கு பக்கத்துக்கும் உண்டு. பின்பக்கச் சுவரின் படத்தை முகப்பு என்று எழுத முடியாது. சுலோச்சன முதலியார் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1843-இல் தாமிரபரணிமேல் 11 வளைவுகளோடு கட்டியது. அதன்மேல் போகிறவருக்கு அந்த வளைவுகள் தெரியாது. ஆற்று மணலில் இறங்கி நின்றால்தான் பாலத்தின் அழகு தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து வரைந்த படம் பாலத்தின் எலிவேஷன். அது முகப்பே அல்ல, பக்கத்தோற்றம். ஆகவே படத்துக்கு முன்தோற்றம், பக்கத்தோற்றம், பின்தோற்றம். கட்டடத்தின் முன்பகுதிக்கு முகப்பு. கொத்தனார் தனி ரேட்டு கேட்கும் வேலைக்கு முகப்பு அலங்காரம். இப்படி மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

புதுக் கட்டடங்கள்மேல் இணையத்தில் கோபப்படுவது நெல்லைக்கு மட்டும் உரியதல்ல. ஸ்வீடனில் 2014-இல் முகநூலில் தொடங்கிய ஓர் இயக்கத்துக்கே ‘கட்டடக்கலைக் கிளர்ச்சி’ என்று பெயர். அங்கே கட்டடக் கலைஞர்களின் சங்கம் 1962 முதல் காஸ்பர் சலின் பெயரில் விருது தருகிறது. அதற்குப் போட்டியாக இந்த இயக்கத்தார், மோசமான புதுக் கட்டடத்துக்கு ‘காஸ்பர் கால்கோன்’ என்ற விருதைக் கொடுக்கிறார்கள். கால்கோன் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் வான்கோழி. அந்தச் செய்தியைத் தமிழில் தந்த ஒரு கட்டுரையில் ‘புதிய கட்டடங்களுக்குப் பின்னடைவு’ என்று இருந்தது. பேக்லாஷ் என்பதற்கும் செட்பேக் என்பதற்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள். தேர்தலில் கட்சிக்கு வருவது பின்னடைவு. மக்கள் திரண்டு திட்டினால் அது எதிர்ப்பு, கண்டனம், இன்னும் சூடாக இருந்தால் கொந்தளிப்பு. மூன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிற சொற்கள். மொழிபெயர்ப்பவர்கள் மூலச் சொல்லின் மேலோட்டை மட்டும் பார்க்கிறார்கள், அந்த இடத்தில் ஒரு தமிழர் என்ன சொல்வார் என்று காதைக் கொடுத்துக் கேட்பதில்லை. பாளையங்கோட்டையில் தேவாலயத்தின் கூர்ந்த உச்சியைப் பார்த்த நம் மக்கள் ஊசிக்கோபுரம் என்றார்கள். நெல்லைச் சந்திப்பில் பாலத்துக்கு மேல் பாலம் வந்தபோது ஈரடுக்கு மேம்பாலம் என்ற பெயர் அப்படியே வாயில் உட்கார்ந்துகொண்டது. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள், அதனால் நிலைத்தது.

அடுத்து இன்னொரு கட்டடத்தின் படம் சுற்றத்தான் போகிறது. அப்போது செய்தி எழுதுகிறவர்கள் ‘முகப்புக்கு எதிர்ப்பு’ என்று எழுதட்டும். அதோடு நிறுத்தாமல், முகப்பில் எது உறுத்துகிறது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு அதையும் எழுதட்டும்: திண்ணை போனதா, ஓட்டுச் சரிவு போய் நிழல் இல்லாமல் ஆனதா, கண்ணாடி எதிர்வீட்டுக்குள் வெயிலைத் திருப்பி அடிக்கிறதா, கடையின் படி நடைபாதையில் இறங்கிவிட்டதா.