க்யூரிங் என்றால் குணப்படுத்துவதா?

தரைக்குப் பூசும் எப்பாக்சியின் தமிழ் விவரத்தாள் ஒன்றில் "குணப்படுத்தும் நேரம்: 7 நாட்கள்" என்று அச்சாகியிருந்தது. பூச வந்தவர் அதைப் படித்துவிட்டு, "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல். பூச்சு கெட்டியாகி முழு வலு பெறுவதை ஆங்கிலத்தில் க்யூரிங் என்பார்கள், அதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். எத்தனை தாள்களில்தான் இதைப் பார்ப்பது! பிரைமர் குணமாகிறது, மேற்பூச்சு குணமாகிறது, ஒன்றில் "முழுமையாகக் குணமடைந்த தரை" என்றே இருந்தது.

லத்தீனில் கூரா என்றால் கவனிப்பு, பராமரிப்பு. நோயாளியைக் கவனித்தால் நோய் தீரும், பொருளைக் கவனித்துப் பக்குவம் செய்தால் அது கெடாமல் நிற்கும். ஒரே வேரிலிருந்து க்யூர் என்ற ஆங்கிலச் சொல் இப்படி இரண்டு பக்கம் கிளைத்தது. கான்கிரீட், ரப்பர், ரெசின் எல்லாம் இரண்டாவது கிளையில் வந்து உட்கார்ந்தவை. மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் வரியோடு எழுந்து போய்விட்டார், அவ்வளவுதான் கதை.

உண்மையில் குணப்படுத்துதலால் பெரிய ஆபத்து இல்லை. படிப்பவர் சிரித்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வார். ஆபத்தானது, கேட்க எளிமையாகவும் பார்க்க நியாயமாகவும் இருக்கிற "உலர்தல்". உலர்வதென்றால் ஈரம் போவது. துணி உலர்கிறது, சுவரில் அடித்த பெயிண்ட் உலர்கிறது. ஆனால் கரைப்பான் கலக்காத எப்பாக்சியில் ஆவியாகிப் போக ஒன்றுமே கிடையாது. ரெசின் என்ற பிசினையும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரையும் கலந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, தனித்தனியாகக் கிடந்த மூலக்கூறுகள் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. வெப்பமும் கிளம்பும். கலந்ததை வாளியிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது வாளி புகையும்! இதில் உலர்வது எங்கே?

நான் பார்த்த ஒரு கிடங்கில் "உலரும் நேரம் 24 மணி" என்று எழுதியதை நம்பி மறுநாளே ஃபோர்க்லிஃப்டை ஏற்றினார்கள். தொட்டால் கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். சக்கரம் திரும்பிய இடங்களிலெல்லாம் வளைவு வளைவாகத் தடம், உள்ளே இன்னும் மென்மை. அந்த 24 மணி ஆள் நடப்பதற்கு. கனரகச் சக்கரமும் அமிலமும் எண்ணெயும் தாங்க, 20 டிகிரி வாக்கில், பொதுவாக 7 நாள் ஆகும். இன்னோரிடத்தில் சீக்கிரம் உலரட்டும் என்று மின்விசிறி வைத்துத் தூசியையெல்லாம் பூச்சில் படியவைத்தார்கள். (நீர் கலந்த எப்பாக்சி, கரைப்பான் கலந்த எப்பாக்சி என்றும் உண்டு, அவற்றில் உலர்தலும் நடக்கும். ஆனால் அவற்றிலும் வேலை அதோடு முடிவதில்லை.)

கான்கிரீட்டுக்கு வந்தால் கூத்து இன்னும் பெரிது. அங்கே க்யூரிங் என்பது உலரவிடாமல் தண்ணீர் கட்டி வைப்பது. அதற்கு நீராற்றுதல் என்று நல்ல சொல்லே இருக்கிறது. அந்தக் கான்கிரீட் 28 நாள் முதிர்ந்து, ஈரம் குறைந்து, அப்புறம்தான் அதன்மேல் பூச்சு. ஆக, முதல் வேலையில் ஈரத்தைக் காக்க வேண்டும், அடுத்ததில் ஈரமே கூடாது. இரண்டுக்கும் ஒரே தாளில் "உலர்தல்" என்று எழுதினால் தரை போடுகிறவர் என்னதான் செய்வார்?

சரி, தமிழார்வமுள்ள நண்பர்கள் "பதப்படுத்துதல்" என்கிறார்கள். அழகான சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோலைப் பதப்படுத்துகிறோம், மரத்தைப் பதப்படுத்துகிறோம், செய்கிறவர் நாம். ரெசினைக் கலந்து ஊற்றியபின் நம் கையில் ஒன்றுமில்லை, அது தானே நடத்திக்கொள்கிறது. மரத்தைப் பதப்படுத்துவது ஈரத்தை வெளியேற்றுவது, மறுபடி உலர்தலிலேயே வந்து நிற்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதம் என்பது நடுவில் வரும் ஒரு நிலை, தாண்டினால் கெடும். பூச்சுக்கு அப்படித் தாண்டிப்போகும் புள்ளி கிடையாது, முடிவுவரை போயே ஆக வேண்டும். "உறைதல்" என்றும் ஒருவர் வாதாடினார். உறைந்த பனி உருகும். இறுகிய எப்பாக்சியைச் சூடாக்கினால் மென்மையாகும், கருகும், திரும்ப நீர்மமாகாது.

இப்போது என் கட்சி: இறுகுதல். களிமண் இறுகுகிறது, முடிச்சும் இறுகுகிறது. கெட்டியாவது, பின்னிக்கொள்வது என்று ரெசினில் நடக்கிற இரண்டையும் இந்த ஒரு சொல் ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஹார்டனரை "இறுக்கி" எனலாம், தொட்டால் ஒட்டாத நிலை தொடு இறுக்கம், ஏழாம் நாள் முழு இறுக்கம். மன இறுக்கத்தோடு குழம்பாதா என்று கேட்கிறவர்கள் தரையின் விவரத்தாளை எந்த மனநிலையில் படிக்கிறார்களோ தெரியவில்லை. புதிதாக எதையும் நான் உண்டாக்கவில்லை. பழைய மேஸ்திரி ஒருவர் விரல்நகத்தால் பூச்சை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் இறுகல, ஏத்தாதீங்க" என்றார். அவருக்கு அகராதி தேவைப்படவில்லை.

பூச்சைத் தேர்ந்தெடுப்பதே பாதி, இறுகும் நேரம் என்ற இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். ஆலையை ஒரு வாரம் மூட முடியுமானால் எப்பாக்சி போதும், 10 டிகிரிக்குக் கீழே போனால் அது மந்தமாகிவிடும். ஓர் இரவுதான் அவகாசம் என்றால் ஓரிரு மணி நேரத்தில் இறுகும் மெத்தாக்ரிலேட் பூச்சு, நெடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொதிநீர் ஊற்றிக் கழுவும் இடத்துக்குப் பாலியூரித்தேன் சிமெண்ட் பூச்சு. வெயில் விழும் இடத்தில் எப்பாக்சி மஞ்சளாகும், மேலே பாலியாஸ்பார்ட்டிக் பூச்சு அடிக்கலாம். இந்த ஒப்பீடு எல்லாவற்றிலும் "குணப்படுத்தும் நேரம்" என்று இருந்தால் வாங்குகிறவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

அந்த விவரத்தாளைத் திருத்தி அனுப்பினேன். "ஆள் நடமாட்டம்: 24 மணி. முழு இறுக்கம்: 7 நாள், அதுவரை வண்டி ஏற்ற வேண்டாம்." நடமாட்டம் என்ற இடத்தில் முன்பு "கால் போக்குவரத்து" என்று இருந்தது. நன்றி சொல்லிப் புதுப்பதிப்பு அனுப்பினார்கள். இறுக்கம் சரியாக இருந்தது. அதற்கு மேல்வரியில், கலந்தபின் பூசி முடிக்க வேண்டிய நேரத்துக்கு, ஆங்கிலத்தில் பாட் லைஃப் என்பதற்கு, "பானை வாழ்க்கை: 25 நிமிடம்."