தெங்ரி: வானமும் அதுதான், கடவுளும் அதுதான்

மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் ஒரு கல்தூண் இருக்கிறது. துருக்கியப் பேரரசன் பில்கே ககான், இறந்துபோன தன் தம்பி குல் தெகினுக்காக 732-இல் எழுப்பியது. 'மேலே நீலத் தெங்ரியும் கீழே பழுப்பு நிலமும் உண்டானபோது நடுவில் மனிதர்கள் உண்டானார்கள்' என்று அதில் பழைய துருக்கிய மொழியில் ஒரு வரி. நிறத்தைச் சொல்லியாயிற்று, கீழே நிலமும் இருக்கிறது, ஆக இந்தத் தெங்ரி வானம்தான். அதே கல்வெட்டில் வேறோர் இடத்தில், தெங்ரி அருளியதால்தான் அரியணை ஏறினேன் என்கிறான் ககான். இங்கே கடவுள்.

பலபொருள் ஒருசொல் குழப்பம் தராமல் வேலை செய்வது இப்படித்தான். எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொற்கள் முடிவு செய்கின்றன: நீலம், நிலம் என்று வந்தால் ஒன்று, அருளினான், ஆணையிட்டான் என்று வந்தால் இன்னொன்று. ஆனால் ககான் தன்னையே 'தெங்ரி போன்ற, தெங்ரியில் உண்டான' என்று சொல்லிக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் திணறுகிறார்கள். வானமா, கடவுளா? என்னைக் கேட்டால், அதை வெட்டியவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது, மழை தருவதும் அரசு தருவதும் அவர்களுக்கு ஒன்றேதான்.

அப்புறம் மதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 760-களில், துருக்கிய இனத்தவரான உய்குர்களின் மன்னன் பெகு ககான், பாரசீகத்தில் மானி என்பவர் தோற்றுவித்த மானி மதத்தைத் தழுவினான், அந்த மதத்து நூல்களில் சூரியனும் சந்திரனும் தெங்ரி ஆனார்கள். பிறகு இன்றைய சீனாவின் வடமேற்கிலுள்ள துர்ஃபான் பகுதியில் பௌத்த நூல்களை உய்குர் மொழிக்குக் கொண்டுவந்தவர்கள் சமஸ்கிருதத்தின் 'தேவ' என்ற சொல்லுக்கும் இதையே எடுத்தார்கள், புத்தரோ 'தெங்ரிகளின் தெங்ரி' ஆனார். உயர்குடிப் பெண்களைக்கூட 'தெங்ரிம்', அதாவது என் தெங்ரி, என்று மரியாதையாக அழைத்தார்கள்! புது மதத்துக்குப் புதுச்சொல் தேடாமல், கேட்பவர் மனதில் ஏற்கெனவே மதிப்போடு இருக்கும் சொல்லை எடுத்து அதன் அண்டைச் சொற்களை மட்டும் மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் பொருளும் நகர்ந்துவிட்டது.

இஸ்லாமும் அதையே செய்தது. குர்ஆனின் அரபு வரிகளுக்கு இடையே துருக்கியப் பொருள் எழுதிய பழைய பிரதிகளில் 'அல்லாஹ்' வரும் இடத்தில் தெங்ரி நிற்கிறது. ஆனால் பழைய பொருள் உடனே சாகவில்லை. 1070-களில் தன் துருக்கிய அகராதியைத் தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரி, தெங்ரி என்றால் இறைவன் என்று எழுதிவிட்டு, இஸ்லாத்தை ஏற்காதவர்கள் வானத்தையும் பெரிய மலையையும் மரத்தையும்கூடத் தெங்ரி என்று சொல்லி வணங்குகிறார்கள் என்று கோபத்தோடு சேர்க்கிறார். அந்தக் கோபம் ஆய்வாளர்களுக்குப் பெரிய கொடை, ஏனென்றால் ஒரே காலத்தில் இரண்டு பொருளும் உயிரோடு இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, வானம் என்ற பொருள் எங்கே போனது? 'கெக் தெங்ரி' என்றால் நீல வானம். நீலத்தைக் குறித்த 'கெக்' மெல்ல மெல்லத் தனியாகவே வானத்தைக் குறிக்கத் தொடங்கியது. அதுவே இன்றைய துருக்கிய மொழியில் 'கியொக்', அதாவது வானம். தெங்ரியோ 'தன்ரி' ஆகிக் கடவுளை மட்டும் குறிக்கிறது. 1932 முதல் 1950 வரை துருக்கி நாட்டில் பாங்கு துருக்கிய மொழியில் ஒலித்தபோது 'அல்லாஹு அக்பர்' இருந்த இடத்தில் 'தன்ரி உலுதுர்', அதாவது கடவுள் பெரியவர், வந்தது. எந்தத் தெய்வத்தையும் தன்ரி என்று சொல்லலாம், அல்லாஹ் என்பது ஒருவனுக்கே உரிய பெயர் என்று வாதிடுபவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.